தண்ணி லாரி ஏறுமா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்குகிறது. கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு ஏற்காடு, கொல்லிமலை, கோத்தகிரி, வால்பாறை என்று கிளம்பும் குடும்பங்களை இப்போது நிறையவே பார்க்க முடிகிறது. வண்டியை நிறுத்தி முகாமிட இடம் தரும் தோட்டங்களின் விளம்பரங்களும் வருகின்றன. அவற்றில் பனிமூட்டப் படம் இருக்கிறது, வாடகை இருக்கிறது. வண்டி அங்கே போய்ச் சேருமா, சேர்ந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று கணக்கிட ஒரு விவரமும் இல்லை. கேரவன் கட்டும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

எல்லோரும் பயப்படுவது கொண்டை ஊசி வளைவுகளுக்கு. கொல்லிமலைக்கு 70, ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. இவை பேருந்து ஓடும் சாலைகள். ஆறேழு மீட்டர் வண்டியை நிதானமாக ஓட்டினால் ஏறிவிடலாம். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், ஏறிய கியரிலேயே இறங்கினால் போதும். வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பிய பிறகுதான். அந்தக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரைப் பற்றி முன்பணம் கட்டுமுன் விசாரித்துவிட வேண்டும்.

தோட்டக்காரரிடம் "ரோடு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுப் பயனில்லை. அவர் ஜீப்பில் போகிறவர், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். "அண்ணா, தண்ணி லாரி உங்க எடம் வரைக்கும் ஏறுமுங்களா? ஏறுனா எங்க திருப்புவாங்க?" என்று கேளுங்கள். 6,000 லிட்டர் லாரி நிறைந்த பாரத்தோடு பத்து டன்னை ஒட்டி வரும். அது ஏறித் திரும்பும் இடத்தில் நாலு டன் கேரவனுக்குப் பாலமும் தாங்கும், வளைவும் போதும். அடுத்தது உயரம். கூரை மேல் ஏ.சி. வைத்த வண்டி மூன்று மீட்டரைத் தொடும். பலாக்கிளையோ தொய்ந்த மின்கம்பியோ மூன்றரை மீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த இடம் வேண்டாம். வாசலில் சாலை சட்டென்று மேடேறும் முனையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டியின் பின்புறம் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதிக்கு அடியில்தான் கழிவுத்தொட்டியின் வடிகுழாய் தொங்குகிறது. தரைக்கும் அதற்கும் 25 சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். முன்சக்கரம் மேடேறும்போது பின்பக்கம் தாழ்ந்து, குழாயின் வாய் தரையில் உரசி உடைந்துவிடும். அதன் பிறகு பயணம் முழுக்க நாற்றம்தான்.

நிறுத்தும் இடம் மட்டமாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் நிதானிக்க முடியாது. மலையில் எல்லாமே சாய்வாக இருப்பதால் கண் ஏமாந்துபோகும். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை வண்டித் தரையில் வைத்தால் தெரிந்துவிடும். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முப்பதுக்கு ஒன்று சாய்வென்றால் ஒரு முனை 13 சென்டிமீட்டர் தாழும். அந்தளவை சக்கரத்துக்கு அடியில் அகலப் பலகைகள் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் கல்லை அடுக்கி ஏற்றுவது ஆபத்து. சாய்வைப் பொருட்படுத்தாமல் படுத்தால் வருவது தலைவலி மட்டுமல்ல. குளியல் தண்ணீர் வடிகால் ஓட்டைக்குப் போகாமல் எதிர்மூலைக்கு ஓடி, கட்டிலுக்கு அடியிலுள்ள பிளைவுட்டில் இறங்கும். இரண்டே நாளில் பலகை ஊதி, கதவு சாத்தாது. வடிகால் ஓட்டை எந்த மூலையில் இருக்கிறது என்று வண்டியை எடுக்கும்போதே பார்த்து வையுங்கள். அந்த மூலை மட்டும் ஒரு விரல்கடை தாழ்ந்திருப்பது நல்லது.

மழைக்காலமானால் செம்மண் தரையை நம்ப வேண்டாம். ஜல்லி போட்ட தளம் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிதாக வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே, தடுப்புச்சுவர் இல்லாத இடத்தில் நிறுத்தவே கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேட்டில் வெடிப்பு, புதிதாகக் கசியும் தண்ணீர், சாய்ந்த மரம், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வண்டியை எடுத்துவிடுங்கள். ஓடைப் பள்ளத்து மணல் மட்டமாக, அழகாக இருக்கும். மேலே எங்கோ பெய்த மழை அங்கே சொல்லாமல் வந்து சேரும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உயிர் போகும் விஷயம் என்பதால். கேரவன் ரப்பர் டயரில் நிற்கும் இரும்புப் பெட்டி. உள்ளே எங்காவது கசிவு ஏற்பட்டு, முகாமின் எர்த்தும் சரியில்லை என்றால் வண்டியின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடும் குழந்தைக்குத்தான் அடிக்கும். பாறை மேட்டில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். எனவே 16 ஆம்பியர் பிளக், தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் எர்த், மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் உண்டா என்று கேளுங்கள். வண்டிக்குள்ளும் தனியாக ஓர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே அது இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தோட்டத்து மின்பாதையின் கடைசியில் இருக்கும் முகாமில் பொழுதோடு 6 மணி முதல் 9 மணி வரை வோல்டேஜ் இறங்கும். 190 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரசர் உறுமிச் சூடாகும். எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுருளை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுற்றியபடியே விட்டால் உருகும்.

குளிருக்காகக் கரி அடுப்பை வண்டிக்குள் கொண்டுபோகாதீர்கள், அணைந்தாற்போல் தெரியும் கரியைக்கூட. கதவடைத்த பெட்டியில் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமலே சேரும். தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

120 லிட்டர் தொட்டி நாலு பேருக்கு ஒரு நாளைக்குத்தான். மலையேறும்போது கால்பங்கு மட்டும் நிரப்பினால் சுமை குறையும், மீதியை மேலே பிடித்துக்கொள்ளலாம். அதற்கு ஹோஸ் எட்டும் தூரத்தில் குழாய் வேண்டும். எடுத்துக் காலி செய்யும் வகைக் கழிப்பறைப் பெட்டி 20 லிட்டர், நாலு பேருக்கு ஒன்றரை நாளில் நிறைந்துவிடும். அதைக் கொட்ட முகாமில் செப்டிக் டேங்க் வாய் இருக்க வேண்டும். "அப்படி ஓரமா ஊத்திக்கலாம்" என்று சொல்லும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். குன்னூர், கோத்தகிரி ஓடைகள் பவானிக்குத்தான் வருகின்றன. மேட்டுப்பாளையமும் சத்தியமங்கலமும் குடிப்பது அந்தத் தண்ணீரை.

யானை விஷயத்திலும் இடத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பலாப்பழக் காலத்தில் கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனை பக்கம் யானைகள் வருவது வழக்கம். வால்பாறையில் அரிசிக்கும் உப்புக்கும் ரேஷன் கடைச் சுவரையே உடைக்கின்றன. பழுத்த பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வைக்கவும் கூடாது. சின்னக் குழந்தைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு ஏற்காடு அல்லது கொல்லிமலைதான் எங்கள் பரிந்துரை.

நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், வால்பாறைக்கும் பின்னர் வந்துவிட்டது. திம்பம் வழியாகத் தாளவாடி போகிறவர்கள் இரவுப் போக்குவரத்துத் தடை நேரத்தைச் சோதனைச்சாவடியில் கேட்டு, பகலிலேயே ஏறிவிடுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். முகாம் விளம்பரங்களை வாங்கும்போது நான்கு விவரங்களைக் கட்டாயமாக்குங்கள்: கடைசிப் பாதையின் அகலம், தடையில்லாத உயரம், மின் இணைப்பின் ஆம்பியர், கழிவு கொட்டும் வசதி உண்டா இல்லையா. நாலு வரிகூட ஆகாது. விடுமுறை இணைப்பிதழ் வருவதற்குள் இதைச் செய்தால் இந்தக் கோடைக்கே உதவும்.

இப்படிக்கு,
கேரவன் கட்டும் பட்டறைத் தொழிலாளர்கள்,
கோவை