எதற்குப் பதில் எதையும் போடலாம் என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன வியாழக்கிழமை உங்கள் மாணவர் பக்கத்தில் 'வேகமாக முன்னே செல்வதற்கான ஆங்கிலச் சொற்கள்' என்று ஒரு கட்டம் வந்திருந்தது. ஹரி, ரஷ், டேஷ், ஹேஸன், போல்ட், கேலப், ஆக்ஸிலரேட், எக்ஸ்பிடைட் என்று வரிசையாக எட்டுச் சொற்கள். அதுவரை சரி. கடைசியில், 'இவை அனைத்தும் ஒரே பொருள் உடையவை, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

மிரண்ட குதிரை கட்டை அறுத்துக்கொண்டு ஓடுமே, அந்த மாதிரி ஓட்டத்துக்குத்தான் போல்ட் என்பார்கள், பயந்து ஓடுகிறவனுக்கும் தப்பித்து ஓடுகிறவனுக்கும் பொருந்தும் சொல் அது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு பிளஸ் டூ பெண், பாட்டிக்கு நெஞ்சுவலி என்று கேட்டதும் அவள் அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடியதைக் கட்டுரையில் 'மை ஃபாதர் போல்டட் டு த ஹாஸ்பிட்டல்' என்று எழுதி வந்தாள். சிவப்பு மையில் சுழித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உங்கள் கட்டத்தைக் கத்தரித்து, நாலு ஓரமும் பசை தடவி, சுருக்கம் இல்லாமல் ஒட்டி வைத்திருந்தாள், அந்தக் கடைசி வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு. பேப்பரில் அச்சில் வந்ததைத் தப்பு என்று சொல்லும் டீச்சரை எந்தப் பிள்ளை நம்பும்?

ஆக்ஸிலரேட் என்றால் வேகமாகப் போவது என்று அர்த்தமே இல்லை, வேகம் கூடிக்கொண்டே போவது. ஸ்டேஷனை விட்டு அப்போதுதான் நகரும் ரயில் ஆக்ஸிலரேட் ஆகிறது, ஆனால் கூடவே நடந்து வந்து கையசைக்கலாம். பிளஸ் ஒன் இயற்பியலில் முடுக்கம் என்று இதைத்தானே படிக்கிறார்கள், அதே பிள்ளைக்கு ஆங்கிலப் பக்கத்தில் வேறு விதமாகச் சொல்லலாமா? ஹேஸன் பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியைச் சீக்கிரம் வரவைப்பது, குடி அவர் சாவை ஹேஸன் செய்தது என்றால் பொருந்தும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை யாரும் இன்று அப்படிச் சொல்வதில்லை. எக்ஸ்பிடைட் லத்தீனிலிருந்து வந்தது, காலில் மாட்டிய தளையை அவிழ்த்துவிடுவது என்பது அதன் வேர், தளை மாட்டுவதிலிருந்து வந்ததுதான் அதற்கு எதிரான இம்பீட், அதாவது தடுப்பது. அதனால்தான் தேங்கிக் கிடக்கும் ஃபைலுக்கும் சரக்குக்கும் எக்ஸ்பிடைட் சொல்கிறோம், மாரத்தான் ஓடுகிறவருக்குச் சொல்வதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தச் சொற்களில் சில ஏற்கெனவே வேறு அர்த்தத்தோடு வீட்டுக்குள் இருக்கின்றன. 'பஸ் ஒரே ரஷ்' என்றால் கூட்டம். 'பைக்காரன் டேஷ் பண்ணிட்டுப் போயிட்டான்' என்றால் இடித்துவிட்டான். உங்கள் கட்டத்தில் இல்லாத அட்வான்ஸும் அப்படித்தான், அதற்கு முன்னேறுவது என்ற அர்த்தமும் உண்டு என்று வகுப்பில் சொன்னால், வீட்டு ஓனரிடம் கொடுக்கும் பணம்தானே டீச்சர் என்று கேட்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியமாவது காட்ட வேண்டாமா? தமிழில் ஓடோடி வந்தான், விழுந்தடித்து வந்தான், பறந்து வந்தான், பாய்ந்து வந்தான் என்று நாம் சொல்வதெல்லாம் ஒன்றா? தாத்தா வந்திருக்கிறார் என்று ஓடோடி வரலாம், பாய்ந்து வந்தால் வம்பு. இது நம் வீட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஏனென்றால் யாரும் அதைக் கட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை, பேச்சில் கேட்டுக் கற்றது.

மதிப்பெண் போனால் போகட்டும், பிழைப்பிலும் அடிக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். என் பழைய மாணவன் ஒருவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாம்பிளுக்கு ஒப்புதல் வராமல் தையல் நின்றுபோன ஒரு நாளில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு 'ப்ளீஸ் ஹரி அப்' என்று மெயில் போட்டுவிட்டான். அவன் மனசில் பணிவாகத்தான் கேட்டிருக்கிறான், பையருக்கு அது அதட்டல். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அன்று ராத்திரியே எனக்கு போன் செய்தான், இனி என்ன எழுதட்டும் டீச்சர் என்று. 'குட் யூ எக்ஸ்பிடைட் த அப்ரூவல்', அதாவது ஒப்புதலைத் துரிதப்படுத்த முடியுமா என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அவனும் இந்த மாதிரி பட்டியலை மனப்பாடம் செய்தவன்தான்.

ரோஜெட் என்பவர் 1852-இல் வெளியிட்ட தெஸாரஸ் என்ற ஆங்கிலச் சொல் தொகுப்பையும், அதில் ஒரே கருத்தைச் சார்ந்த சொற்கள் ஒன்றாக இருக்கும், கருத்து மனசில் இருந்து சொல் கிடைக்காமல் தடுமாறுகிறவர்களுக்காகத்தான் தொகுத்தார். மொழி ஓரளவு கைவந்தவர்களுக்கு அது பயன்படும். முதல் தலைமுறையாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளையிடம் வெறும் பட்டியலைக் கொடுத்தால் என்ன செய்யும்?

எழுத ஆரம்பித்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் உங்கள் மாணவர் பக்கம் முழுப் பக்கமாக வந்தது. ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பத்து வாக்கியம் எழுதுவார், என் வகுப்பில் அதைச் சத்தமாகப் படிக்க வைப்பேன். எந்த அறிவிப்பும் இல்லாமல் அது நின்றது. அப்புறம் பக்கம் பாதியானது, மீதிப் பாதியில் முப்பதே நாளில் ஆங்கிலம் என்று விளம்பரம். எதிர்ச்சொல் பகுதியில் விடைகள் மாறி அச்சானபோதும் கடிதம் போட்டேன், தபாலிலும் மின்னஞ்சலிலும். பதில் இல்லை. வீட்டுக்கு வேறு பேப்பர் வாங்காத வாசகி நான், அந்த உரிமையில்தான் வருத்தப்படுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த வியாழக்கிழமை அதே இடத்தில், அதே எழுத்தளவில், அந்தக் கடைசி வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். இனி ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு வாக்கியம் சேருங்கள். இடம் போதாது என்றால் எட்டுச் சொல்லை நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருப்பூர் மாவட்டம்