எந்த வேளைக்கு எந்தக் கடை

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள், அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கிறது. இரண்டு செய்தியும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெரிய மகிழ்ச்சி. அம்மா இதைத் தானே வாசிக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன்.

கடைசிப் பந்தியில் நீ எழுதியிருப்பதற்கு மட்டும் மறுமொழி சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழும்பில் கிடைக்கிற சாப்பாடெல்லாம் இப்போது கனடாவில் உங்கள் ஸ்காபரோவிலேயே கிடைக்கிறது, ஆகவே டிசம்பரில் வரும்போது கடை கடையாக அலைய வேண்டாம், வீட்டில் இருந்து கதைப்போம் என்கிறாய். கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். இடியப்பம், ரோல்ஸ், கொத்து ரொட்டி எல்லாம் அங்கே தமிழர் கடைகளில் வரிசையாக இருக்கின்றன. ஆனால் காலை பதினொரு மணிக்குப் போனாலும் இரவு எட்டு மணிக்குப் போனாலும் அதே கொத்து, அதே இடியப்பம், அதே பெட்டியில் கிடைக்கிறது என்று நீயே போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இந்த ஊரில் அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வேளை உண்டு. நல்ல கடை எது என்று கேட்கிறவர்களிடம், எத்தனை மணிக்குப் போகப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

காலையை எடுத்துக்கொள். பம்பலப்பிட்டியில் காலி வீதியோரம் சரஸ்வதி லொட்ஜ், ஷ்ரபரி கார்டன்ஸில் கிரீன்லண்ட்ஸ். நாம் பாடசாலைக் காலத்தில் போய் உட்கார்ந்த சைவக் கடைகள்தான். எட்டு மணிக்கு முன்னரே போய்விட வேண்டும். அப்போதுதான் இடியப்பம் ஆவி அடங்காமல் இருக்கும்; நூல் நூலாகப் பிரியும், விரலில் ஒட்டாது. ஒன்பதரைக்குப் போனாலும் கிடைக்கும், ஆனால் விளிம்பு காய்ந்து, நடுவில் இறுகிப்போயிருக்கும். அதற்கு எவ்வளவு சொதி ஊற்றினாலும் பயன் இல்லை.

சொதியும் அப்படித்தான். தேங்காய்ப்பாலில் மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், கொஞ்சம் வெந்தயம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிய வேண்டும், கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரைந்துவிடும். இறக்கிப் பிழிந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் அந்தப் புளிப்பு மணம் துல்லியமாக இருக்கும். பிறகு சூடாக்கிச் சூடாக்கி ஊற்றுகிற சொதியில் மஞ்சள் நிறம் மட்டும் மிஞ்சும்.

இன்னொன்று, நீ உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே வடைத் தட்டு மேசைக்கு வரும். எடுத்ததற்கு மட்டும் கணக்கு; பரிமாறுகிறவர் தட்டில் மீதி இருப்பதைப் பார்த்தே சொல்லிவிடுவார். முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் தட்டு நிறையப் பலகாரத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற வழக்கம் இது. எங்கள் ஊரின் நல்ல குணங்களில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன். சிங்களக் கடைகளிலும் பின்னேரங்களில் ரோல்ஸும் பற்றிஸும் கட்லட்டும் இப்படித்தான் மேசைக்கு வருகின்றன.

மதியத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் வேலை செய்கிறவர்கள் பன்னிரண்டரைக்குள் சோற்றுப் பார்சலை வாங்கிவிடுவார்கள். ஒரு மணிக்குப் போனால் கத்தரிக்காய் முடிந்திருக்கும், பருப்புத்தான் மிச்சம். கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், மீன் துண்டுக்கும் இறைச்சிக்கும் தனிக் கணக்கு. அப்பளமும் பொரித்த மிளகாயும் தட்டின் ஓரத்தில் இருந்தால் எனக்குப் போதும்.

இடையில் ஒரு நாள் பறங்கியர், அதாவது ஒல்லாந்த, போர்த்துக்கேய வழிவந்தவர்கள், அவர்களின் சமையலுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இறைச்சி அவித்த சாற்றில் வேகவைத்த சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், இறைச்சி உருண்டை எல்லாவற்றையும் வாழையிலையில் பொதிந்து வெதுப்பியில் வாட்டுகிற லம்ப்ரைஸ். மதியத்துக்கென்றே பிறந்த சாப்பாடு அது. பொதியைப் பிரிக்கும்போது வாட்டிய இலையின் மணம் முகத்தில் அடிக்க வேண்டும்.

இனி நான் எழுத ஆசைப்பட்டு உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் ரயில் பாதையை நோக்கி இறங்குகிற குறுக்கு வீதிகளில் யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைகள் சில இருக்கின்றன. அதில் ஒன்றில் ஒடியல் கூழ், காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்கிற கூழ், காய்ச்சுகிறார்கள். சனிக்கிழமை போனபோது கடைக்காரர் என்னைக் குசினி வாசலில் நின்று பார்க்க விட்டார். பெரிய அலுமினியப் பானை. ஒரு பிடி புழுங்கல் அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு முதலில் அவிகின்றன. அவை பதமானதும் மீன் தலை, நண்டு, இறால், கணவாய். ஒடியல் மாவை அதற்கு முன்னரே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு எடுத்து வைத்திருந்தார்; கசப்பு அந்த நீரோடு போக வேண்டும். செத்தல் மிளகாயை அரைத்துப் புளிக்கரைசலில் கலந்து, ஊறிய மாவையும் அதோடு கரைத்துக் கடைசியில்தான் பானையில் ஊற்றினார். ஊற்றியதும் கை ஓயவே கூடாது. மாவு அடியில் பிடித்தால் முழுப் பானையும் புகை மணத்துவிடும். அகப்பையைச் சுற்றச் சுற்ற, கலங்கல் நீராக இருந்தது மெல்ல மெல்லத் தடித்து, மண்ணிறமாகி, "ப்ளக், ப்ளக்" என்று கொப்புளம் விட ஆரம்பித்தது. கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு, "இப்போது குடிக்க வேண்டும், தம்பி. இன்னும் அரை மணித்தியாலம் போனால் இது களி" என்றார்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான்.

பனையோலைப் பிளாவில் குடித்த காலம் எல்லாம் போய்விட்டது. பீங்கான் கோப்பையில்தான் தருகிறார்கள். இருந்தும் என்ன! முதல் வாயில் புளிப்பு, அதற்குப் பின்னால் உறைப்பு, இரண்டும் அடங்கிய பிறகு ஒடியலின் அந்த மெல்லிய கசப்பு. நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மேசையில் வங்கி உத்தியோகத்தர்கள் போல் இருந்த சிங்கள இளைஞர்கள் இரண்டு பேர், வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்கள். கூழ் காய்ச்சுகிற நாளும் நேரமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இதே பானையை ஸ்காபரோவிலும் காய்ச்சலாம். ஆனால் குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு சூடாக்கினால் கடைக்காரர் சொன்ன களிதான் உனக்குக் கிடைக்கும்.

பின்னேரம் காலி முகத்திடல். 1859ஆம் ஆண்டு ஆளுநர் ஹென்றி வார்ட் கொழும்பு மக்களுக்காக ஒழுங்கு செய்த திடல். கடலின் ஒரு பகுதியை நிரப்பித் துறைமுக நகரம் எழுந்த பின் தொடுவானம் கொஞ்சம் மாறிவிட்டது. ஆனாலும் இறால் வடை வண்டிகள் அங்கேயே நிற்கின்றன. பருப்பு வடையின் மேல் முழு இறாலைத் தலையோடு பதித்து எண்ணெயில் போடுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதே. புதிதாகப் பொரித்துத் தரும்படி கேள், தருவார்கள். இறாலின் ஓடு நறுக்கென்று உடைய வேண்டும். அதன் மேல் நறுக்கிய வெங்காயமும் உறைப்பான குழம்பும். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் போவது நல்லது. சாய்ந்த பிறகு சனம் நெருக்கி அடிக்கும்.

அப்பம் ஏழு மணிக்கு. இது எனக்கு ஒரு கொள்கை. அண்மையில் புதிதாகக் குளிரூட்டிய ஓர் உணவகத்துக்கு ஒரு நண்பர் மதிய விருந்துக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். அங்கே அப்பத்தைச் சுட்டு அடுக்கி, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கரை துவண்டு தோல் போல இழுபட்டது. அப்பத்தின் கரை மொறுமொறுப்பாக இருப்பது சில நிமிடங்களுக்குத்தான். ஆகவே அதைச் சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு எடுக்கிற கடையில், சட்டிகள் வரிசையாக அடுப்பில் ஏறியிருக்கிற நேரத்தில் சாப்பிட வேண்டும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும். கட்டச்சம்பலைக் கரையில் தொட்டு, நடுவில் இருக்கிற பால் பகுதியை வெறுமனே, கடைசியில். அதிகாலையில் அப்பம் சுடுகிற கடைகளும் இருக்கின்றன, அதையும் மறுக்கவில்லை. மதியத்தைத்தான் மறுக்கிறேன்.

இரவு கொத்து. இதற்கு நான் உன்னைக் கட்டாயம் புதுக்கடைக்குக் கூட்டிப் போவேன். பகலில் நீதிமன்றங்களும் கறுப்புக் கோட்டுகளும் நிறைந்த பகுதி அது. இருட்டியதும் அப்துல் ஹமீத் வீதி முழுவதும் அடுப்பாகிவிடும். பாபத் என்கிற மாட்டு இரைப்பைக் கறி, வட்டிலப்பம், பலூடா எல்லாம் ஒரே வீதியில். கொத்து போடுகிறவரின் அருகே போய் நின்று பார். முதலில் வெங்காயமும் லீக்ஸும் கரட்டும் சூடான இரும்புத் தட்டில் வதங்குகின்றன, பிறகு முட்டை, பிறகு கீறிய ரொட்டி, அதன் மேல் கறிக் குழம்பு. ரொட்டியைக் கொத்துகிற இரண்டு தகடுகளும் தட்டில் விழுகிற தாளம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். குழம்பு ஊற்றியதும் தாளம் மந்தமாகும், ரொட்டி அதை இழுத்துக்கொண்டதும் மறுபடி கூர்மையாகும். அந்த இரண்டாவது கூர்மையில் நிறுத்துகிறவர்தான் கைகாரர். அதற்கு மேல் ஓரிரு நிமிடம் கொத்தினால் கூழாகிவிடும், முன்னால் நிறுத்தினால் ரொட்டி வெள்ளையாகத் தனியே கிடக்கும். பத்து மணிக்குப் பிறகு போகலாம் என்று சொல்கிறேன். அதற்குள் தட்டு நன்றாகச் சூடேறியிருக்கும், குழம்பும் வற்றித் தடித்திருக்கும்.

இந்தக் கடைகளை நான் இவ்வளவு விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 உனக்குத் தெரியும், தொலைபேசியில் எல்லாம் சொன்னேன். எரிவாயு இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பல கடைகள் மூடின. சில திரும்பத் திறக்கவே இல்லை. திறந்து வைத்திருந்தவர்கள் பின்முற்றத்தில் விறகு அடுப்பு கட்டினார்கள், பட்டியலைச் சுருக்கினார்கள், முட்டையைக் குறைத்தார்கள். ஆனால் நான் வழக்கமாகப் போகிற சைவக் கடையில் காலை இடியப்பம் நேரம் தவறவில்லை. புகை மணத்தோடு வந்தது, சரியான நேரத்துக்கு வந்தது. அந்த மனிதர்களின் கை வேலைக்கு நான் காசு கொடுக்கிறேன் என்று மட்டும் நினைக்க என்னால் முடிவதில்லை. விலை அந்த நாட்களில் ஏறியது ஏறியதுதான், பழைய இடத்துக்கு இறங்கவில்லை. இருந்தும் மேசைக்கு வருகிற வடைத் தட்டு இன்னும் வருகிறது.

ஆகவே வீட்டில் இருந்து கதைப்போம் என்ற உன் திட்டத்தை ஏற்க மாட்டேன். கதைப்பதற்கு இந்தக் கடைகளைவிட நல்ல இடம் ஏது? என் மனைவியும் என் பக்கம்தான். மகன் ஏற்கெனவே கூழ்க் கடைக்காரரிடம் ரொறன்ரோவில் இருந்து மாமா வருகிறார் என்று சொல்லி வைத்துவிட்டான். நீ நிற்கிற நாட்களுக்குள் போயா, பௌர்ணமி விடுமுறை, வரும். அன்று இறைச்சிக் கடைகள் பூட்டு. சைவக் கடையில் தோசை சாப்பிட்டு நாளைத் தொடங்குவோம். மகளுக்கு உறைப்புப் பழக்கம் எப்படி என்று எழுது, கூழை அதற்கேற்ப எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல், விமானம் கட்டுநாயக்காவில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று அறிவி. விடியற்காலை என்றால் பெட்டிகளோடு நேரே பம்பலப்பிட்டி. இரவு என்றால் புதுக்கடை. மதியம் இறங்குகிற விமானத்தில் மட்டும் டிக்கெட் எடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்