நன்கொடையாளர் பதிவேடு வேண்டும்: சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
முன்னாள் மாணவியர் உறுப்பினர் (நன்கொடைப் பொறுப்பு),
பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி,
சேலம் மாநகர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: அரசு மகளிர் பள்ளிகள் – நன்கொடை பெறுதல் – நன்கொடையாளர் பதிவேடு, அனுமதிக்குக் கால வரம்பு, பராமரிப்பு நிதி ஆகியவற்றுக்கு மாவட்ட அளவில் உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கிறார்கள். நானும் அங்கே படித்தவள்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவியர் சார்பில் உறுப்பினராக இருக்கிறேன். பள்ளிக்கு நன்கொடை திரட்டுவதும், கொடுத்தவர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. சம்பளம் இல்லாத வேலை, விரும்பித்தான் செய்கிறேன். அந்த வேலையில் உள்ள சில முட்டுக்கட்டைகளைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இந்த மனு.

ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடை, சைக்கிள் எல்லாம் அரசு தருகிறது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இதிலெல்லாம் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அன்றாடச் செலவு என்று ஒன்று இருக்கிறதே! 1,000 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்தான். தலைக்குக் கணக்குப் போட்டால் 100 ரூபாய்கூட வராது. சாக்பீஸிலிருந்து பினாயில் வரை அதற்குள் முடிக்க வேண்டும். போர் மோட்டாரில் காயில் எரிந்துபோனாலோ, நாப்கின் எரிக்கும் மெஷின் நின்றுபோனாலோ அந்த மாதக் கணக்கு அவ்வளவுதான். பெண்கள் பள்ளியில் தண்ணீர் வராத நாளில் எத்தனை பிள்ளைகள் மதியத்தோடு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் தெரியாது. காலையில் அவர்கள் வந்திருப்பார்கள்.

அதனால்தான் வெளியே கேட்கிறோம். சேலத்தில் கொடுக்கிற கைக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர்கள், அம்மாப்பேட்டை பட்டுத் தறிக்காரர்கள், சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துபவர்கள், லாரி உரிமையாளர்கள், ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரர்கள், எங்கள் பள்ளியில் படித்து வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைக்குப் போன அக்காக்கள் என்று பலர் இருக்கிறார்கள். எப்போது போய்க் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆடி மாதத்தில் நடக்காது. கோட்டை மாரியம்மனில் தொடங்கி எட்டுப்பேட்டை மாரியம்மன் கோயில்களின் வசூல் நோட்டும் சுற்றி முடிந்த பிறகுதான் நம் முறை. தீபாவளிக்கு முந்தின வாரம் வெள்ளிக் கடைக்குப் போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்போது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் மட்டும் நாங்கள் கேட்பதே இல்லை. வீட்டில் உட்கார்ந்து கொலுசுக்கு வளையம் கோத்துக் கூலி வாங்கும் தாய்மார்கள் அவர்கள். கேட்டால் கடன் வாங்கியாவது கொடுப்பார்கள். அதனாலேயே கேட்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் முடிவு.

ஊர் கூடிப் பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1950களின் இறுதியில் தொடங்கிய அந்த மாநாடுகளில் ஊர்க்காரர்கள் கட்டடமும் பெஞ்சும் பாத்திரமும் கொடுத்தார்கள். இன்றைக்குக் கல்விச் சீர் என்ற பெயரில் தட்டு வரிசையோடு, மேளதாளத்தோடு பள்ளிக்கு வருகிறார்கள். 2022 டிசம்பரில் அரசே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கி, நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் கொடுக்க வழி செய்தது. ஆக, கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், வாங்கவும் வழி இருக்கிறது. வாங்கிய பிறகு கொடுத்தவருக்கு யார் பதில் சொல்வது என்பதற்குத்தான் எந்த ஏற்பாடும் இல்லை. (கல்விச் சீரில் எங்களுக்குச் சுவர்க்கடிகாரம் தேவைக்கு மேலேயே வந்துவிட்டது. துடைப்பம் யாரும் கொண்டு வருவதில்லை.)

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் வராண்டாவில் ஒரு ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் தாயார் நினைவாக வாங்கிக் கொடுத்தது. தாயாரின் பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும் பொறித்த ஸ்டீல் தகடு மேலே இருக்கிறது. கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு பில்டர் அடைத்துக்கொண்டது, அதற்குப் பிறகு மெம்பரேன் போனது. மாற்றுவதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் எடுக்க முடியவில்லை. அவரிடம் சொல்லியிருந்தால் அவரே மாற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் மெஷின் வாங்கிய தலைமையாசிரியை மாறுதலில் போய்விட்டார், அடுத்து வந்தவருக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாது, தகட்டில் தாயார் பெயர்தான் இருக்கிறது. அம்மாவின் நினைவு நாளில் அந்தப் பெரியவர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெஷின்மேல் பழைய திரைச்சீலை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். குழாயடியில் சைக்கிள் நிறுத்தியிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. அதற்குப் பிறகு எங்கள் போனை எடுப்பதும் இல்லை.

இதில் யார்மேலும் குற்றம் இல்லை. தலைமையாசிரியர்கள் கலந்தாய்வில் மாறிப் போவது வழக்கம். பொறுப்பு ஒப்படைக்கும்போது பீரோ சாவி, ஆய்வகக் குடுவை, பூகோள உருண்டை வரை பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். நன்கொடையாளர் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அது ஒருவருடைய செல்போனில் இருக்கிறது, அவரோடு போய்விடுகிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கையும் முக்கியக் கோரிக்கையும் இதுதான். மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில், குறைந்தது மகளிர் பள்ளிகளிலாவது, நன்கொடையாளர் பதிவேடு ஒன்றைக் கட்டாயமாக வைக்கச் சொல்லி உத்தரவிட வேண்டும். யார், எப்போது, எதற்காகக் கொடுத்தார், அது எப்படிச் செலவானது, இன்று என்ன நிலையில் இருக்கிறது, கடைசியாக அவருக்கு எப்போது தகவல் சொன்னோம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்தப் பதிவேடும் சேர வேண்டும். மேலாண்மைக் குழுவில் ஒருவரை நன்கொடை ஒருங்கிணைப்பாளராக எழுத்துப்பூர்வமாக நியமிக்கவும் அனுமதிக்க வேண்டும். நான் இன்று செய்வதெல்லாம் வாய்மொழி ஏற்பாட்டில்தான் நடக்கிறது. ஒரு கம்பெனி வாசலில் போய் நின்று, “நீங்கள் யார், பள்ளியில் என்ன பதவி?” என்று கேட்டால் காட்ட ஒரு தாள் கிடையாது. சட்டப்படி இதற்குத் தடை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு, அரசிடமிருந்தோ வேறு வழியிலோ வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் வேலையை மேலாண்மைக் குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

அடுத்தது அனுமதி. நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அவர்களுக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. நமக்கோ ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. கழிப்பறை கட்ட ஒரு தொழிற்சாலை ஒப்புக்கொண்டால், தலைமையாசிரியை கடிதம் எழுதி, மதிப்பீடு வாங்கி, மேலே அனுப்பி, அது திருத்தத்துக்குத் திரும்பி, மறுபடி போய் வருவதற்குள் ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடுகிறது. மார்ச்சில் பொதுத்தேர்வு. பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது பக்கத்தில் ஜல்லி கொட்ட முடியுமா? கொத்தனார் உள்ளே வர ஏப்ரல் கடைசி ஆகும். அதற்குள் கம்பெனியின் கணக்கு முடிந்துவிடும். அப்படித்தான் ஒரு நிறுவனம் எங்களுக்கு ஒதுக்கிய தொகையை வேறு மாவட்டத்துப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டது. அவர்களையும் தப்பு சொல்ல முடியாது, காத்திருந்துதான் பார்த்தார்கள்.

இதற்கு எங்கள் யோசனை, கேட்பதையே முன்னால் தள்ளிவிடுவது. கல்வி உரிமைச் சட்டம் 22ஆம் பிரிவு சொல்லும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எப்படியும் தேவைகளை எழுதுகிறோம். கட்டட வேலைகளுக்கு ஜூலைக்குள்ளேயே மதிப்பீடும் தொழில்நுட்ப ஒப்புதலும் வாங்கி வைத்துவிட்டால், கொடுப்பவர் எப்போது வந்தாலும் கோப்பு தயாராக இருக்கும். வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போன்ற சின்ன வேலைகளுக்குத் தலைமையாசிரியை, மேலாண்மைக் குழுத் தலைவி இருவர் கையெழுத்தே போதும் என்று ஒரு வரம்பு நிர்ணயிக்கலாம். மற்றவற்றுக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடியாது என்றாலும் பரவாயில்லை, காரணத்தோடு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதைக் காட்டி நன்கொடையாளரிடம் முகம் கொடுத்துப் பேச முடியும். பதிலே வராத விண்ணப்பத்தைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது?

மூன்றாவது, பராமரிப்பு. கட்டடம் கட்டவும் ஸ்மார்ட் போர்டு வாங்கவும் உடனே ஆள் கிடைக்கும், பெயர்ப் பலகை வைக்கலாம் அல்லவா. கழிப்பறை கழுவும் அம்மாவுக்குக் கூடுதலாக மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்றால் யோசிப்பார்கள். அதிலே பலகை வைக்க இடமில்லை. பெண்கள் பள்ளிக்கு இதுதான் உயிர்நாடியான செலவு. எனவே பொருளாகக் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் அதன் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று சேர்த்துக் கேட்கவும், அந்தப் பணத்தைத் தலைமையாசிரியையும் மேலாண்மைக் குழுத் தலைவியும் சேர்ந்து இயக்கும் தனி வங்கிக் கணக்கில் வைப்பு நிதியாகப் போடவும் அனுமதி வேண்டுகிறோம். வட்டியை மட்டும் எடுத்துப் பழுது பார்ப்போம். கணக்கை மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ரசீது விஷயமும் ஒன்று இருக்கிறது. கடைவீதியில் முதலில் கேட்பதே “80ஜி கிடைக்குமா?” என்பதுதான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வருமான வரிச் சலுகை கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. அதே மாதிரி அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவிகள் பணம் அனுப்பத் துடிக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் போய்விடும், பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் அப்படியே வாங்க முடியாது. இதையெல்லாம் விசாரிக்க மாவட்ட அளவில் ஒரு அலுவலரை நியமித்து, அவர் போன் எண்ணைப் பள்ளிகளுக்குத் தந்தால் போதும்.

கடைசியாக ஒன்று, பணம் சம்பந்தப்படாதது. நன்கொடை கொடுக்கும் நிகழ்ச்சி என்றால் பிள்ளைகளைப் பத்து மணி வெயிலில் வரிசையாக நிறுத்தி, பெரிய அட்டையில் அச்சடித்த செக்கைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். அப்பா இல்லாத பிள்ளை யார் என்று கேட்டு முன்னால் நிறுத்துகிறவர்களும் உண்டு. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளையை மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். படம் வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளராக நான் சொன்னால் நன்றி கெட்டவர்கள் என்று பெயர் வருகிறது. மாவட்ட உத்தரவாக வந்துவிட்டால் பேச்சே இல்லை. கட்டி முடித்த கட்டடத்தைப் படம் எடுக்கட்டும், ஓடுகிற மோட்டாரைப் படம் எடுக்கட்டும். மாணவியின் முகமும் பெயரும் குடும்ப நிலையும் நன்கொடை விளம்பரத்தில் வரக் கூடாது.

மாநில அளவில் எந்த அரசாணையையும் மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. முதன்மைக் கல்வி அலுவலர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், மாவட்டத்தில் சமூகப் பொறுப்பு நிதி வைத்திருக்கும் சில நிறுவனங்கள், மகளிர் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவியர் ஆகியோரைத் தாங்கள் ஒரு நாள் அழைத்து உட்கார வைத்தால் இதில் பெரும்பகுதி அன்றே முடிந்துவிடும். மாவட்டம் முழுவதற்கும் உடனே முடியாது என்றால், எங்கள் பள்ளியில் மட்டும் இந்தக் கல்வியாண்டில் முன்மாதிரியாகச் செய்து பார்க்க அனுமதி தர வேண்டுகிறோம். பதிவேட்டுக்கான மாதிரிப் படிவத்தைத் தயாரித்து வைத்திருக்கிறோம், கேட்கும்போது நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நன்கொடைப் பொறுப்பு உறுப்பினர்,
பள்ளி மேலாண்மைக் குழுவுக்காக.

இடம்: சேலம்

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், சேலம்.