வாசலில் வண்டி நிறுத்துவது பற்றி

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தமிழில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். வாசிக்கச் சிரமப்படும் அப்பா அம்மாக்களுக்குப் பிள்ளைகளே வாசித்துப் பொருள் சொல்லட்டும். இந்த வார வீட்டுப்பாடம் அதுதான்.

போன சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நம் தமிழ்ப் பள்ளி வாசலுக்கு எதிரே சாலையைக் கடக்கும் நடைக்கடவையை ஒட்டி ஒரு வெள்ளை பக்கி (பிக்கப் வண்டி) நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் அதிலிருந்து இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிக் கடவையில் கால் வைத்தாள். பின்னால் வந்த டாக்ஸிக்கு அவள் தெரியவில்லை. அவளுக்கும் டாக்ஸி தெரியவில்லை. பிரேக் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. டிஃபன் பெட்டி திறந்து ரொட்டி மட்டும் ரோட்டில் கிடந்தது.

பக்கிக்காரரிடம் பேசினேன். "பார்க் பண்ணல டீச்சர், சும்மா நிறுத்தினேன்" என்றார். தமிழில் நமக்கு இரண்டுமே 'நிறுத்துவது'தான். இந்நாட்டுச் சாலை விதியோ இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஆளையோ சாமானையோ ஏற்றி இறக்கத் தேவைப்படும் நேரத்துக்கு மேல் நின்றால்தான் அது பார்க்கிங். அந்த மட்டில் அவர் சொன்னது சரி. ஆனால் கடவையை நெருங்கும் பக்கத்தில் 9 மீட்டருக்குள் நிற்பதற்கே தடை. இன்ஜின் ஓடினாலும், ஆள் சீட்டிலேயே இருந்தாலும் அதுதான் விதி. அதேபோல் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் நிற்கவே கூடாது. மஞ்சள் கோட்டில் பிள்ளையை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். வண்டியை விட்டுவிட்டு உள்ளே வந்து என்னோடு மார்க் பற்றிப் பேச முடியாது.

9 மீட்டர் எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்பைக் கொண்டு டேப்பால் அளக்கச் சொன்னேன். பிறகு காலடி வைத்துத் தமிழில் உரக்க எண்ணினார்கள். உயரமான பையனுக்குப் பதின்மூன்று காலடி, குள்ளமானவளுக்குப் பதினெட்டு. (பதினைந்துக்கு மேல் பலர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.) சுமார் இரண்டு கார் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலைச் சந்திப்பிலிருந்து 5 மீட்டருக்குள்ளும், தீயணைப்புக் குழாய்க்கு இருபுறமும் ஒன்றரை மீட்டருக்குள்ளும் பார்க் செய்யக் கூடாது. நடைபாதைமேல் ஏற்றவும் கூடாது. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கம் நிறுத்தும் பழக்கம் மேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் அதிகம். அதுவும் விதிக்குப் புறம்புதான். அப்படி நின்றால் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கதவைத் திறப்பது நடுரோட்டில்.

நம் தெரு 1960களில் போட்டது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் தாத்தா பாட்டிகளைக் கிளப்பிக் கொண்டுவந்து இங்கே குடிவைத்தபோது, வீட்டுக்கு மூன்று கார் வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்? இடம் இல்லாதது உங்கள் குற்றமில்லை. ஆனால் எதிர்வீட்டு ஆயாவுக்குச் சனிக்கிழமை காலையில்தான் டயாலிசிஸ். அவர்கள் கேட்டை ஒரு கார் அடைத்துக்கொண்டு நின்றதால் அவர் கிளம்பக் கால்மணி நேரம் தாமதமானது. அந்தக் கார் என்னுடையது. பரீட்சைத் தாள்களை உள்ளே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

வரும் சனிக்கிழமை முதல் கோயில் மைதானத்தின் கேட் எட்டு மணிக்குத் திறந்திருக்கும். அங்கே நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து வாருங்கள், நான்கு நிமிடம்தான். நானும் அங்கேதான் நிறுத்துவேன். மழை பெய்தால் குடை கொண்டு வாருங்கள்; மழையைச் சொல்லி வாசல்வரை வண்டியைக் கொண்டுவர வேண்டாம். காவடி நாளில் மைதானம் கிடைக்காது. அன்று வகுப்பும் இல்லை.

நடக்க முடியாத தாத்தா, ஆயா யாராவது பிள்ளைகளைக் கூட்டி வருவதானால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள். பள்ளி முற்றத்தில் மூன்று வண்டிக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியை