ஞாயிறு காலை 10 மணிக்கு கிளினிக் கூட்டம், எல்லோரும் வரவும்

வணக்கம். போன வாரம் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு அம்மா, அவருடைய அப்பாயின்ட்மென்ட்டை நோட்டில் ஒரு நேரமும் கம்ப்யூட்டரில் வேறொரு நேரமுமாக நாம் எழுதியிருந்ததால் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் வரும் ஞாயிறு நம் காட்பாடி கிளினிக்கிலேயே உட்கார்ந்து பேசுவோம்.

1. பதிவு இனி ஒரே இடத்தில். சித்தூர் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் தெலுங்கிலும் படிவம் வேண்டும், எழுதத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.
2. ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷின்) நோட்டில் 121 டிகிரி, குறைந்தது 15 நிமிடம் என்று நேரத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கரண்ட் போய் நடுவில் நின்றால் முதலிலிருந்துதான் ஓட விட வேண்டும், "பாதி ஓடிடுச்சே" என்பதெல்லாம் செல்லாது.
3. ஊசி, பிளேடு வெள்ளை டப்பாவில். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில். 48 மணி நேரத்துக்கு மேல் எதுவும் இங்கே தங்கக் கூடாது.
4. அன்றைய பில் கணக்கு அன்றே.

அப்புறம், உங்களுக்குத் தினமும் எரிச்சல் தரும் வேலை ஒன்றையாவது எழுதிக் கொண்டு வாருங்கள். வருவீர்களா என்று வெள்ளி மாலைக்குள் இங்கேயே பதில் போடவும், டிபன் சொல்ல வேண்டும்.