ஜூரி கடமைக்குப் போனால் கூலி குறையலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூரி கடமைக்கு (குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக உட்காருவதற்கு) அழைப்பு வந்த வாசகர் ஒருவருக்கு, "நீதிமன்றமே சம்பளம் தந்துவிடும், கவலை வேண்டாம்" என்று சென்ற வாரக் கேள்வி-பதில் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி யாரும் வாடகைக்குத் திண்டாடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். 2025 ஜூனில் ஜூரியாகப் போனேன். இங்கிலாந்தில் முதலாளி விடுப்புத் தந்தே ஆகவேண்டும். அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கவும் முடியாது. ஆனால் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் இல்லை. எனக்குத் தரவில்லை. இழந்த கூலிக்கு நீதிமன்றம் அப்போது தந்தது, முதல் பத்து நாள்களுக்கு, நாளுக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டு. அந்த ஏப்ரலில்தான் 21 வயது நிரம்பியவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாகியிருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 97.68. இதற்குக் கீழே எவரும் தரக்கூடாது என்று சட்டம் போட்ட அரசாங்கம், தானே கூப்பிட்டு உட்காரவைத்தவர்களுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தந்தது.

அரை நாள் கணக்கு இன்னும் கொடுமை. இரண்டாம் நாள் காத்திருப்புக் கூடத்தில் பெயர் கூப்பிடுவார்களா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டரைக்கு "இன்று தேவையில்லை, போகலாம்" என்றார்கள். நான்கு மணி நேரம் தாண்டாததால் அன்றைக்கு 32.47 பவுண்டுதான். என் ஷிப்டையோ முந்தைய வாரமே ஏஜென்சி ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த மினிகாப் (வாடகைக் கார்) ஓட்டுநர், "காருக்குக் கட்டும் வாரத் தவணை எனக்காக நிற்குமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

"ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்" என்று நம்மவர்கள் சொல்வது இதனால்தான். அப்படி ஒவ்வொருவராக ஒதுங்கினால், முழுச் சம்பளத்தோடு வரக்கூடியவர்கள் மட்டுமே அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் இருப்பார்கள். எதிரே கூண்டில் நிற்பது நம் தெருப் பிள்ளையாக இருக்கலாம். இரவு வேலை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவராவது அந்த அறையில் இருக்க வேண்டாமா?

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள இலங்கை, இந்தியக் குடிமக்களுக்கும் அழைப்பு வரலாம். பலருக்கு இது தெரியாது. வந்தால், வருமான இழப்புப் படிவத்தை உடனே முதலாளியிடம் கொடுத்து நிரப்பி வாங்கிவிடுங்கள். தேதி ஒத்துவராவிட்டால் ஒருமுறை தள்ளிப்போடக் கேட்கலாம்.

கடையும் பெட்ரோல் நிலையமும் நடத்தும் நம் முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசாங்கம் தொகையை உயர்த்தும்வரை, உங்கள் ஆளுக்கு அழைப்பு வந்தால், நீதிமன்றம் தரும் தொகைபோக அவர் கூலியில் குறையும் மிச்சத்தை நீங்கள் போட்டுக் கொடுங்கள். எட்டு மணி நேர வேலைக்கு, 2025 ஜூனில் இருந்த குறைந்தபட்சக் கூலிப்படி, என் கணக்கில் அது நாளுக்கு 32.73 பவுண்டாக இருந்தது.

ஒரு வாசகி,
ஈஸ்ட் ஹாம், லண்டன்