பெரிய டயரும் பழைய பிரேக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பொலேரோ ஒன்றுக்கு 31 அங்குல டயரும் அலாய் வீலும் மாட்டிச் சேற்றில் இறக்கிய படத்தோடு ஒரு கட்டுரை வந்திருந்தது. வண்டி பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் டயர் மாற்றியதில் வண்டி மூன்று அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது, இனி மலைப்பாதையில் கவலையே இல்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். அதிலிருந்து எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் போனில் காட்டி, "இதே மாதிரி போட்டுக் குடுங்கக்கா" என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பொள்ளாச்சியில் டயர் விற்பனையும் வீல் அலைன்மென்ட்டும் செய்யும் கடை எங்களுடையது. பெரிய டயர் விற்றால் எனக்குக் கூடுதல் லாபம்தான். இருந்தாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பொலேரோவுக்கு 31 அங்குலம் கேட்டால் நான் மாட்டித் தருவதில்லை. கேட்டவர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். போகட்டும்.

முதலில் அந்த மூன்று அங்குலக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பொலேரோவில் கம்பெனி கொடுத்த டயர் 215/75 R15. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 161 சொச்சம். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 322.5. நடுவில் 15 அங்குல ரிம், அது 381 மில்லிமீட்டர். கூட்டினால் டயரின் மொத்த உயரம் 703.5 மில்லிமீட்டர் வரும். 31 அங்குல டயர் என்றால் ஏறக்குறைய 787. வித்தியாசம் 84 மில்லிமீட்டர், மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கட்டுரையாளர் இங்கேதான் நிறுத்திவிட்டார். ஆக்ஸில் இருப்பது டயரின் நடுவில். டயர் 84 மில்லிமீட்டர் வளர்ந்தால் ஆக்ஸில் எழும்புவது அதில் பாதி, 42தான். ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்த ஒன்றரை அங்குலத்துக்காக என்னென்னவற்றை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பிரேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். டயரை மாற்றினாலும் உள்ளே இருக்கும் டிஸ்க்கும் டிரம்மும் பழையவைதான். மிதிப்பது அதே கால், பிடிப்பது அதே பேட். ஆனால் அந்தப் பிடி தரையில் போய்ச் சேர்வது டயரின் ஓரத்தில். ஓரம் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகப் பிடி குறையும். 703-க்கு 787 என்று போட்டுப் பாருங்கள், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். இதோடு டயரும் வீலும் கனமாகிவிட்டன. சுற்றிக்கொண்டிருக்கும் கனத்தை நிறுத்த வேறு தனியாகப் பலம் வேண்டும். சமவெளியில் கோவைக்கும் உடுமலைக்கும் போய் வருகிறவருக்கு இது தெரியாது. கொஞ்சம் அழுத்தி மிதித்துப் பழகிவிடுவார்.

வால்பாறை மலை ரோட்டில் அப்படி இல்லை. 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பெரிய டயர் என்ஜினை இழுத்துப் பிடிக்கும். மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும், கிளட்ச் சீக்கிரம் தேயும். அது பர்ஸுக்கு வந்த கேடு, பரவாயில்லை. இறக்கம்தான் விஷயமே. ஏறுகிற கியரில்தான் இறங்கவேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது எதற்கு? வண்டியை என்ஜின் பிடித்துக்கொள்ளவேண்டும், பிரேக்குக்கு அவ்வப்போது மட்டும் வேலை கொடுக்கவேண்டும் என்பதற்கு. டயர் பெரிதானால் அதே வேகத்தில் என்ஜின் சுற்றுவது குறைந்துவிடும். இரண்டாவது கியரில் இருந்தாலும் முன்பு போலப் பிடிக்காது, வண்டி நழுவிக்கொண்டே போகும். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். ஏற்கெனவே பத்து சதவீதம் இழந்த பிரேக்குக்குத்தான் இப்போது கூடுதல் வேலையும். சூடு ஏறும். பல வருடமாக மாற்றாத பிரேக் ஆயிலில் காற்றின் ஈரம் இறங்கியிருக்கும். அந்த ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். ஆளும் சாமானும் நிறைய ஏற்றிக்கொண்டு அட்டகட்டியிலிருந்து ஆழியாறு வரை இப்படி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "புது தார் ஜீப்ல கம்பெனியே பெரிய டயர்தானே குடுக்கறாங்க?" உண்மைதான். 2020-இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் 255/65 R18 டயரை மேலே சொன்ன மாதிரி கணக்குப் போட்டால் 788 சொச்சம் வரும், அதாவது உங்கள் படத்தில் இருந்த 31 அங்குலத்தின் உயரமேதான். ஆனால் அந்த வண்டியின் பிரேக், கியர் விகிதம், பேரிங், ஸ்டீயரிங், மட்கார்டுக்குள் இருக்கும் இடம் எல்லாமே அந்த டயரை மனதில் வைத்துச் செய்தவை. பொலேரோவில் 703-ஐ மனதில் வைத்துச் செய்தார்கள். தாரின் செருப்பை மட்டும் வாங்கிப் பொலேரோவுக்குப் போட்டால் தாராகிவிடாது.

சென்ற மழைக்காலத்தில் மேலே எஸ்டேட்டிலிருந்து ஒரு வண்டி அலைன்மென்ட்டுக்கு வந்தது. வேறு எங்கோ 31 அங்குலம் மாட்டியிருந்தார்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்பது புகார். ராம்ப்பில் ஏற்றி ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தோம். டயரின் உள்பக்கத் தோள் சேஸிஸில் உரசி, அந்த இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது. டயரில் ஒரு விரல் நீளத்துக்கு ரப்பர் சீவி எடுத்த மாதிரி போயிருந்தது. உரசாமல் இருக்க வீலுக்குப் பின்னால் ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளியிருந்தார்கள்; அதனால் முன்பக்க பேரிங் இரண்டிலும் ஆட்டம் வந்துவிட்டது. ரிம்மோ கம்பெனியின் பழைய இரும்பு ரிம். மாட்டியிருந்த டயரின் அகலம் 10.5 அங்குலம்; அதற்கு 7 அங்குலத்திலிருந்து 9 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் மாட்டினால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும், பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள், நடுவில் மட்டும் தேயும். இந்த டயரிலும் அப்படித்தான் தேய்ந்திருந்தது. அலைன்மென்ட் மிஷின் அந்த வண்டிக்கு என்ன செய்துவிட முடியும்? ஸ்பேசரைக் கழற்றி, பேரிங் மாற்றி, பழைய அளவுக்கே திரும்பச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றேங்க" என்று போனவர்தான்.

ஸ்டெப்னியை யாரும் யோசிப்பதே இல்லை. பொலேரோவில் அது பின்கதவில் தொங்குகிறது. கனமான சக்கரத்தை அங்கே மாட்டினால் கீல் தளர்ந்து கதவு தொங்கிப்போகும். கதவைத் தூக்கித் தூக்கிச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருக்கட்டும் என்று விட்டால், பஞ்சராகும் அன்று பின்பக்கம் ஒரு சக்கரம் 787, இன்னொன்று 703. திரும்பும்போது இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃபரன்ஷியல்; நேர் ரோட்டில் போனாலும் அதற்கு ஓய்வு இருக்காது.

அப்புறம் மீட்டர். அது சக்கரத்தின் சுற்றைத்தான் எண்ணுகிறது. 31 அங்குலம் மாட்டிய பொலேரோவில் முள் 80 காட்டினால் வண்டி ஓடுவது 89 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பாலான கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் செய்கின்றன, அதனால் இரண்டு மூன்று சதவீத வித்தியாசம் அதிலேயே அடங்கிவிடும். பன்னிரண்டு சதவீதம் அடங்காது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் 893 என்று காட்டும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு விழுந்தது பாதி, மீட்டர் சொல்லாமல் விட்டது பாதி. ஆயில் மாற்றுவதும் அதே கணக்கில் தள்ளிப்போகும். இப்படிப்பட்ட வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் மீட்டரை நம்பிக் குறைவாக ஓடிய வண்டி என்று சந்தோஷப்படவேண்டாம்.

சட்டத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டயர் அளவு இதற்குள் எவ்வளவு தூரம் வரும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். விபத்து நடந்தபின் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முன்னால் நின்று வாதாட நமக்குத் தெம்பு இருக்காது.

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும் நேரத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் நெருங்கியதும் பழைய அளவில் நான்கு டயர் ரிம்மோடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வருகிறார்கள். காட்டிவிட்டு வந்து மறுபடி பெரியதை மாட்டிக்கொள்வார்கள். நாங்கள் கொடுப்பதில்லை, கொடுக்க ஆள் இல்லாமலும் இல்லை. சோதனையில் டயர் அளவைக் குறித்து, அதை ரோட்டில் நிறுத்திப் பார்க்கும் போலீஸாருக்கும் தெரியும்படி செய்தால் இந்த வாடகை வியாபாரம் படுத்துவிடும்.

பெரிதாக எதையுமே மாட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ரிம் எத்தனை அங்குலம் என்று பார்க்காதீர்கள், மொத்த உயரத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். எங்கள் தொழிலில் மூன்று சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது வழக்கம். பொலேரோவுக்கு அகலமான டயர் ஆசை என்றால் 235/70 R15 இருக்கிறது. உயரம் 710, ஒரு சதவீதம்கூடக் கூடவில்லை, அகலம் மட்டும் 20 மில்லிமீட்டர் கூடுகிறது. பலரும் மாட்டும் 235/75 R15 நான்கு சதவீதத்தைத் தாண்டும். சமவெளியில் ஓட்டுகிறவர் விரும்பினால் அவர் பாடு, மலை ஏறுகிற வண்டிக்கு நான் மாட்டமாட்டேன். எதை மாட்டினாலும் டயரில் உள்ள சுமை எண் பழையதைவிடக் குறையக்கூடாது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925. இன்னொரு கூட்டம் 17 அங்குல அலாய் மாட்டி, உயரம் கூடாமல் இருக்க மெல்லிய சுவர் டயர் போடுகிறது. கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் எஸ்டேட் ரோட்டில் ஒரு குழியில் இறங்கினால் டயருக்கு முன்னால் ரிம் அடி வாங்கும். அந்த ஆசை நகரத்தோடு நிற்கட்டும்.

டயருக்கு ஒதுக்கிய பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றி, பேட், டிரம் பார்த்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைச் சரிசெய்தால் பழைய பொலேரோ தொய்வு நீங்கித் தானாகவே நிமிர்ந்து நிற்கும். படம் எடுக்கத்தான் லாயக்கில்லை.

நீங்கள் அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட்டால் 84-ஐ 42 என்று மாற்றிப் போடுங்கள். இன்னொன்றும் சேர்த்துப் போட்டால் நல்லது. 31 அங்குல டயரை நிறையப் பேர் புதிதாக வாங்குவதில்லை, செகண்ட் ஹேண்டில் தேடுகிறார்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மேலே டயர் பாலிஷ் அடித்திருந்தால் நகத்தால் சுரண்டிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டயர் கடை நடத்தும் ஒரு வாசகி,
பொள்ளாச்சி.